பிஎம்சி கூரையில் சோலார், லாபம் யார் பில்லில்? மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவியிலோ சயானிலோ ஒரு பிஎம்சி (மும்பை மாநகராட்சி) பள்ளியின் மொட்டைமாடியில் சோலார் பேனல் ஏறினால் போதும், அந்த வாரமே எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். மீட்டர் விண்ணப்பம், சாங்ஷன் லோடு (ஓர் இணைப்புக்கு அனுமதித்த மின் அளவு), பில் தகராறு இதெல்லாம்தான் என் பிழைப்பு என்பதால் மாதுங்கா மார்க்கெட்டில் காய் வாங்கும்போதுகூட நிறுத்திக் கேட்பவர்கள் உண்டு. பெற்றோர், ஆசிரியர்கள், சொசைட்டிச் செயலாளர்கள், நகர்சேவக் (கவுன்சிலர்) ஆபீஸில் வேலை பார்க்கும் தம்பிகள் என்று ஆட்கள் மாறுவார்களே தவிர, கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன்.

எத்தனை வாட் பேனல், எந்தப் பிராண்டு, எத்தனை வருஷம் உழைக்கும் என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். என்னைக் கேட்டால், உள்ளாட்சிக் கட்டடத்தில் பேனலைப் பார்ப்பதற்கு முன் கரண்ட் பில்லின் மேல்பாதியைப் பார்க்க வேண்டும். இணைப்பு யார் பெயரில், எந்த மின் விநியோகக் கம்பெனியிடம், எந்தக் கட்டணப் பிரிவில் என்ற மூன்று விவரம் அங்கே இருக்கும். கீழே உள்ள பாதிப் பதில்கள் அந்த மூன்றில்தான் வந்து நிற்கும்.

நெட் மீட்டரிங்னா என்னங்க? சுருக்கமா சொல்லுங்க.

பகலில் பேனல் தயாரிக்கும் மின்சாரத்தைக் கட்டடம் முதலில் தன் தேவைக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் கம்பெனியின் லைனுக்குப் போகும். மாலையில் லைனிலிருந்து கட்டடத்துக்கு வரும். போனதையும் வந்ததையும் ஒரே மீட்டர் தனித்தனியாக எண்ணும். மாதக் கடைசியில் வந்ததிலிருந்து போனதைக் கழித்து, மீதிக்கு மட்டும் பில். போனது அதிகமாக இருந்தால் அந்த யூனிட்டுகள் அடுத்த மாதக் கணக்குக்கு வரவாகும்.

கழிப்பது யூனிட்டுக்கு யூனிட், ரூபாய்க்கு ரூபாய் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பல இடத்தில் தேவைப்படும்.

இன்வெர்ட்டர்ல 2,400 யூனிட்னு காட்டுது, பில்லுல எக்ஸ்போர்ட் 1,500தான் இருக்கு. மீதி 900 எங்க போச்சு?

எங்கேயும் போகவில்லை. இன்வெர்ட்டர் காட்டுவது பேனல் தயாரித்த மொத்தம். அந்த 900 யூனிட்டைப் பகலிலேயே உங்கள் வகுப்பறை ஃபேன்களும் பம்பும் எடுத்துக்கொண்டன. அவை மீட்டரைத் தாண்டி வெளியே போகாததால் பில்லில் பதிவாகாது. ஆனால் லாபத்திலேயே முதல் லாபம் அதுதான், ஏனென்றால் அந்த 900-ஐ நீங்கள் கம்பெனியிடம் வாங்கவே இல்லை.

சந்தேகம் வந்தால் மீட்டர் பெட்டியைத் திறந்து திரையை ஒரு நிமிஷம் பாருங்கள். எண்கள் ஒவ்வொன்றாக மாறி மாறி வரும். இம்போர்ட் (உள்ளே வந்தது) என்று ஒன்று, எக்ஸ்போர்ட் (வெளியே போனது) என்று ஒன்று. பில் தேதிக்கு அந்த இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளும் தலைமையாசிரியர்களுக்குத் தகராறே வருவதில்லை.

கரண்ட் போனா சோலார்ல ஃபேன் ஓடுமா?

ஓடாது. லைனில் ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போது கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் உயிருக்கு ஆபத்து. அதனால் லைன் செத்தால் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிட வேண்டும் என்பது விதி. பேட்டரி வேண்டுமென்றால் அது தனிச் செலவு. மும்பையில் மின்வெட்டு அபூர்வம் என்பதால் பள்ளிக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மும்பையில கரண்ட் கம்பெனியே நாலஞ்சு இருக்கே, எந்த பிஎம்சி கட்டடம் யார்கிட்ட வருது?

கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரைக்கும், பஸ்ஸும் ஓட்டும் பெஸ்ட். மாதுங்கா, தாராவி எல்லாம் இதில் அடக்கம். புறநகரில் அதானி எலெக்ட்ரிசிட்டியும் டாடா பவரும். பாண்டுப், முலுண்ட் பக்கம் மாநில அரசின் மகாவிதரண். ஆக, முலுண்டில் இருக்கும் தமிழரும் மாதுங்காவில் இருக்கும் தமிழரும் ஒரே மாநகராட்சிக்கு வரி கட்டினாலும் கரண்ட் பில் வேறு வேறு இடத்திலிருந்து வரும். பிஎம்சிக்கும் அதே கதைதான். சொந்தக் கட்டடங்களுக்கே அது பல கம்பெனிகளின் வாடிக்கையாளர்.

இன்னொரு குழப்பம்: வீட்டுவசதிக்கான மாடாவோ, வட்டார வளர்ச்சிக்கான எம்எம்ஆர்டிஏவோ உள்ளாட்சி அமைப்பு இல்லை, மாநில அரசின் அமைப்புகள். தாணே, நவி மும்பை, கல்யாண்-டோம்பிவிலி தனித்தனி மாநகராட்சிகள். டோம்பிவிலியிலிருந்து கேட்பவர்கள் கீழே பிஎம்சி என்று வரும் இடத்தில் உங்கள் மாநகராட்சியையும், கம்பெனி என்று வரும் இடத்தில் மகாவிதரணையும் போட்டுப் படிக்கலாம்.

விதி போடுறது யாரு சார்? சென்ட்ரலா, ஸ்டேட்டா, கம்பெனியா?

அடிப்படை 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம். அதன்படி நெட் மீட்டரிங் விதிகளை வகுப்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். மகாராஷ்டிரத்தில் அது எம்இஆர்சி. 2015-இல் முதல் விதித் தொகுப்பு வந்தது. அதற்குப் பதிலாக 2019 டிசம்பர் இறுதியில் வந்த கூரை மின்சார விதிகளும் அதன் திருத்தங்களும்தான் இப்போது அடித்தளம்.

மத்திய அரசு 2020-இல் நுகர்வோர் உரிமை விதிகளைக் கொண்டுவந்தது. 2021-இல் அதைத் திருத்தி, 500 கிலோவாட் அல்லது சாங்ஷன் லோடு, இரண்டில் எது குறைவோ அதுவரை நெட் மீட்டரிங் என்று சொன்னது. 2024 பிப்ரவரியில் காலக்கெடுவைச் சுருக்கியது. அதைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம். கம்பெனிக்கு விதி போடும் அதிகாரம் கிடையாது. கவுன்ட்டரில் யாராவது 'எங்க பாலிசி இப்படி' என்றால் எந்த விதி எண் என்று எழுதிக் கேளுங்கள்.

மாநகராட்சிக்குன்னு தனி விதி, தனி சலுகை ஏதாவது இருக்கா?

பெரும்பாலும் இல்லை. நெட் மீட்டரிங்கில் பிஎம்சி உங்களையும் என்னையும் போல ஒரு நுகர்வோர். சோலாரின் அளவு அந்த இணைப்பின் சாங்ஷன் லோடு அல்லது கான்ட்ராக்ட் டிமாண்டை (பெரிய இணைப்புகளுக்கு ஒப்பந்தம் போட்ட அளவு) தாண்டக் கூடாது. அந்தத் தெருவின் டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்கனவே எவ்வளவு சோலார் ஏறியிருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள். 2019 விதியில் டிரான்ஸ்ஃபார்மர் திறனில் 70 சதவீதம் என்று அளவு வைத்தார்கள். அதற்கு மேல் போவதானால் ஆய்வு செய்து அனுமதிக்க வேண்டும்.

பழைய பள்ளிகளில் கூரை பெரிதாக இருக்கும், சாங்ஷன் லோடு சின்னதாக இருக்கும். டியூப்லைட்டும் ஃபேனும் மட்டும் இருந்த காலத்தில் வாங்கிய லோடு. 300 சதுர மீட்டர் கூரை காலியாக இருந்தால் கிலோவாட்டுக்கு 10 சதுர மீட்டர் வீதம் 30 கிலோவாட் வைக்கலாம்தான். ஆனால் லோடு 12 கிலோவாட் என்றால் 12-தான். லோடை உயர்த்தலாம். அப்படி உயர்த்தினால் மாதாமாதம் கட்ட வேண்டிய ஃபிக்ஸட் அல்லது டிமாண்ட் சார்ஜ் ஏறுமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்தச் சார்ஜை எந்தச் சோலார் யூனிட்டாலும் கழிக்க முடியாது.

பிஎம் சூர்ய கர் மானியம் பள்ளிக்கூடத்துக்கும் வருமா?

வராது. அந்த மத்திய அரசு மானியம் வீடுகளுக்கு. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, அதிகபட்சம் 78,000. ஹவுசிங் சொசைட்டியின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 உண்டு. மாநகராட்சி தன் கட்டடத்துக்குப் போட்டால் சொந்தப் பணம், மாநில நிதி, அல்லது கீழே சொல்லும் ரெஸ்கோ வழி.

ஆனால் உள்ளாட்சிகளுக்கு வேறொரு வரவு அதே திட்டத்தில் இருக்கிறது. தங்கள் எல்லைக்குள் வீடுகளில் சோலார் ஏறுவதற்கு உதவினால் இணைப்புக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. நகர்சேவக்குகள் பலருக்கு இது தெரியாது. சொல்லிப் பாருங்கள், ஆர்வம் கூடும்.

மே மாசம் ஸ்கூல் லீவு. யாருமே இல்லாம ஓடுற யூனிட் எல்லாம் வீணாகாதா?

இங்கேதான் பள்ளிக்கு அதிர்ஷ்டம். வரவு யூனிட்டுகளை மாதம் மாதமாகத் தள்ளிக்கொண்டே போகலாம், கணக்கு முடிவது நிதியாண்டின் கடைசி நாளான மார்ச் 31. மும்பையில் வெயில் உச்சம் ஏப்ரல், மே. அதாவது கணக்காண்டின் ஆரம்பத்திலேயே பெரிய வரவு சேர்ந்துவிடுகிறது. அதைச் செலவழிக்க மிச்சம் பத்து மாதம் கிடைக்கிறது.

ஒரு 20 கிலோவாட் பள்ளியைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். கிலோவாட்டுக்கு நாளுக்குச் சுமார் 4 யூனிட் என்றால் மாதம் 2,400. மே மாதம் வாட்ச்மேன் அறையும் ஆபீஸும் 300 எடுத்தால் 2,100 வெளியே போகும். இரவில் 150 உள்ளே வரும். வரவு 1,950. ஜூன் நடுவில் பள்ளி திறக்கும், மழையும் வரும். ஜூலையில் மேகம் மூடிப் பேனல் கிட்டத்தட்டப் பாதிதான் தரும், வகுப்பறைகளிலோ பகலிலும் விளக்கு எரியும். அந்த மாதம் உள்ளே வந்தது 700, வெளியே போனது 200 என்று வையுங்கள். வித்தியாசம் 500, மே மாத வரவிலிருந்து கழியும். 1,450 இன்னும் கையில் இருக்கும். கணக்காண்டு மட்டும் ஜூன் கடைசியில் முடிந்திருந்தால் இந்த லாபத்தில் பெரும்பகுதி போயிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மழைக்குப் பயந்து மொட்டைமாடி மேல் ஷெட் போட்ட பள்ளிகள் நிறைய. அந்த ஷீட் மேல் பேனல் ஏற்றுமுன் கட்டமைப்பு என்ஜினியர் கையெழுத்து வேண்டும். ஜூன் காற்றைத் தாங்காத தாங்குகம்பிக்கு எந்த விதியும் உதவாது.

அப்போ கூரை முழுக்கப் போட்டு மிச்சத்தை வித்தா பிஎம்சிக்கு வருமானம்தானே?

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. மார்ச் 31 அன்று மிஞ்சியிருக்கும் யூனிட்டுகளை, ஆணையம் நிர்ணயித்த விலைக்குக் கம்பெனி எடுத்துக்கொள்ளும், அடுத்த நாள் வரவு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அந்த விலை நீங்கள் யூனிட்டுக்குக் கட்டும் கட்டணத்தைவிடக் குறைவு. கட்டணத்தில் மின்சார விலை மட்டுமா இருக்கிறது? வீலிங் சார்ஜ் (லைன் வழியாகக் கொண்டுவரும் கட்டணம்), எரிபொருள் சரிக்கட்டல் எல்லாம் சேர்ந்தது. ஒரு யூனிட்டை நீங்கள் வாங்காமல் தவிர்த்தால் இவை எல்லாமே மிச்சம். அதையே விற்றால் விலை மட்டும்தான் கைக்கு வரும்.

ஆகவே ஆண்டு முழுவதற்குமான உபயோகத்தைக் கூட்டி, அதைவிடச் சற்றுக் குறைவாகப் பேனல் போடுவதுதான் கெட்டிக்காரத்தனம். கடந்த 12 மாத பில்லை வரிசையாக வைத்துக் கூட்டிப் பாருங்கள். காண்ட்ராக்டர் சொல்லும் கணக்கை அப்புறம் கேட்கலாம்.

எங்க ஸ்கூல்ல மிஞ்சுற யூனிட்டை பக்கத்து டிஸ்பென்சரிக்குத் திருப்பி விட முடியுமா?

முடியும். இதற்குப் பெயர் குரூப் நெட் மீட்டரிங். ஓர் இடத்தில் மிஞ்சியதை அதே நுகர்வோரின் வேறு இணைப்புகளில் கழிப்பது. 2019 விதிகளுக்குப் பின்னால் வந்த திருத்தத்தில் இது சேர்ந்தது. எந்த இணைப்பில் முதலில் கழிக்க வேண்டும், அடுத்து எது என்று வரிசை எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய கூரையும் சின்ன பில்லும் உள்ள பள்ளியும், சின்னக் கூரையும் பெரிய பில்லும் உள்ள வார்டு ஆபீஸும் ஒரே முதலாளியிடம் இருப்பதால் உள்ளாட்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

நிபந்தனை: ஒரே நுகர்வோர், ஒரே கம்பெனியின் எல்லை. தாராவிப் பள்ளியில் மிஞ்சியதை தாதரில் இருக்கும் ஜி நார்த் வார்டு ஆபீஸுக்குக் கேட்கலாம், இரண்டும் பெஸ்ட். முலுண்ட் டிஸ்பென்சரிக்குக் கேட்க முடியாது, அது மகாவிதரண். பெஸ்ட் எல்லைக்கு வெளியே இருக்கும் செம்பூர் ஆட்கள் 'நாங்களும் பிஎம்சிதானே' என்று என்னிடம் கோபித்துக்கொள்வார்கள். மாநகராட்சி எல்லையைக் கம்பெனி எல்லை மதிப்பதில்லை, நான் என்ன செய்ய?

எல்லாம் பிஎம்சி கட்டடம்தான், பேர்ல என்ன பிரச்சினை வரப்போகுது?

வரும். என் அனுபவத்தில் குரூப் விண்ணப்பங்கள் படுக்கும் முதல் இடமே இதுதான். ஒரு பில்லில் தலைமையாசிரியர் என்று இருக்கும், இன்னொன்றில் கல்வித்துறை, மூன்றாவதில் வார்டு அதிகாரி, நான்காவதில் கட்டடத்தை எப்போதோ கட்டிக்கொடுத்த காண்ட்ராக்டரின் பெயரே இருக்கும். நமக்கு எல்லாம் ஒரே மாநகராட்சி. கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு நான்கு தனித்தனி ஆட்கள்.

விண்ணப்பத்துக்கு முன்னாலேயே சேர்க்கப்போகும் எல்லாப் பில்லையும் மேஜையில் பரப்பிப் பெயர்களை ஒப்பிடுங்கள். வேறுபட்டால் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். வாடகைக் கட்டடத்தில் நடக்கும் டிஸ்பென்சரியாக இருந்தால் பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். நிலுவைப் பாக்கி இருந்தாலும் இப்போதே தீர்த்துவிடுங்கள்.

வர்ச்சுவல் நெட் மீட்டரிங்னும் சொல்றாங்க. எங்க சொசைட்டி, பிஎம்சி ஸ்கூல் கூரையில போட்டு எங்க பில்லுல கழிச்சுக்கலாமா?

குரூப்பில் ஆள் ஒருவர், இணைப்புகள் பல. வர்ச்சுவலில் ஆட்களே பலர். சோலாரின் மொத்த உற்பத்தியும் லைனுக்குப் போகும், பங்குதாரர்களின் பில்களில் ஒப்புக்கொண்ட விகிதத்தில் கழியும். கூரையே இல்லாத சின்ன ஃபிளாட்காரர்களுக்கு இது நல்ல வழி.

உங்கள் யோசனையில் மீட்டரைவிடக் கூரைதான் பெரிய தலைவலி. பொதுச் சொத்தின் கூரையை ஒரு தனியார் சொசைட்டிக்கு 25 வருஷம் கொடுக்க வேண்டுமானால் மாநகராட்சி டெண்டர், வாடகை, ஒப்புதல் என்று நடைமுறைகள் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு வார்டு அதிகாரி வாய்வார்த்தையாகச் சரி என்றதை நம்பிப் பணம் வசூலிக்காதீர்கள். உங்கள் சொசைட்டி மொட்டைமாடியில் இடம் இருந்தால் மேலே சொன்ன 18,000 மானியத்தோடு அங்கேயே போடுங்கள்.

பேனல் பிஎம்சியோடது இல்லையாம், கம்பெனிக்காரன் சும்மா போட்டுக் கொடுக்குறானாம். அப்போ வரவு யாருக்கு?

இதுதான் ரெஸ்கோ முறை. தனியார் நிறுவனம் தன் செலவில் போட்டு, பராமரித்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று 20, 25 வருஷ ஒப்பந்தத்தில் மாநகராட்சிக்கு விற்கும். 'சும்மா' என்பது சரியில்லை, முதலீடு இல்லை என்று சொல்லலாம். பேனல் வேறு ஒருவருடையதாக இருந்தாலும் நெட் மீட்டரிங் ஒப்பந்தம் இணைப்பு வைத்திருப்பவர் பெயரில்தான். வரவு அவருக்கே.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: நிறுவனத்துக்குப் பணம் எந்த யூனிட்டுக்கு? பெரும்பாலும் தயாரான எல்லா யூனிட்டுக்கும். மே மாதம் வெளியே போன 2,100-க்கும் மாநகராட்சி பணம் கொடுத்திருக்கும். அவை மார்ச்சுக்குள் கழிந்தால் நல்லது. கழியாமல் மிஞ்சினால், ரெஸ்கோ விலைக்கு வாங்கி ஆணைய விலைக்கு விற்ற கணக்கு. ஆணைய விலை குறைவாக இருந்தால் அந்த நஷ்டம் மாநகராட்சி தலையில், பேனல் நிறுவனத்துக்கு ஒன்றுமில்லை. கூரை முழுக்கப் போடச் சொல்லி அவர்கள் ஏன் வற்புறுத்துகிறார்கள் என்று இப்போது புரியும்.

பெஸ்ட்டே பிஎம்சியோடதுதானே? தனக்குத் தானே எதுக்கு நெட் மீட்டரிங்?

நல்ல கேள்வி, இதைக் கேட்டவர் ஒரு ஓய்வுபெற்ற பெஸ்ட் கண்டக்டர். 1947 ஆகஸ்ட் 7-ஆம் தேதி முதல் பெஸ்ட் மாநகராட்சியின் சொத்து. உள்ளாட்சி அமைப்பே மின் விநியோகம் செய்யும் ஊர்கள் இந்தியாவில் சொற்பம். டெல்லியில் என்டிஎம்சி (புது டெல்லி நகராட்சி மன்றம்), கேரளத்தில் திருச்சூர் மாநகராட்சி, இங்கே பெஸ்ட். ஆகவே தாராவிப் பள்ளிக் கூரையில் சோலார் போட்டுப் பில் குறைந்தால் பெஸ்ட்டின் வருமானமும் அதே அளவு குறைகிறது. இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் போடுவது மாதிரி என்று அவர் சிரித்தார்.

பாதி உண்மை. பெஸ்ட் மின்சாரம் தயாரிப்பதில்லை, வெளியே வாங்கி விற்கிறது. பள்ளிக் கூரையிலிருந்து வரும் யூனிட் அந்த அளவுக்கு வெளியே வாங்குவதைக் குறைக்கிறது. அதனால் பை முழுக்கச் சமமில்லை, வெளியே போகும் பணம் மிச்சம். மேலும் பெஸ்ட்டின் மின்கணக்கை எம்இஆர்சி தனியாகப் பார்க்கிறது. சொந்த முதலாளிக்கென்று விதியைத் தளர்த்த அதற்கு உரிமை இல்லை. இரண்டு பைகளும் கலந்த காலமும் இருந்தது. பஸ் நஷ்டத்தை ஈடுகட்டக் கரண்ட் பில்லிலேயே டிடிஎல்ஆர் என்று ஒரு தொகை வசூலித்தார்கள். மாதுங்கா பெரியவர்கள் இன்றும் அதைச் சொல்லித் திட்டுவார்கள்.

யூனிட் பாதியா குறைஞ்சது, பில் பாதியா குறையல. ஏமாத்துறாங்களா?

முதலில் ஃபிக்ஸட் அல்லது டிமாண்ட் சார்ஜைப் பாருங்கள், அது அப்படியே இருக்கும். அடுத்து கட்டணப் பிரிவு. மாநகராட்சிப் பள்ளி, மருத்துவமனைகளுக்குப் பொதுச்சேவை என்று தனிப்பிரிவு உண்டு. பில்லில் வணிகப் பிரிவு என்று இருந்தால் அது சோலார் சம்பந்தப்பட்டதே இல்லை, தனியாக மாற்றக் கேட்க வேண்டியது.

பெரிய இணைப்புகளில் இன்னொன்று ஒளிந்திருக்கும். அங்கே பில் கிலோவோல்ட் ஆம்பியர் மணிக் கணக்கில், அதாவது லைன் சுமக்கும் மொத்தத்துக்கும் போடப்படுகிறது. மோட்டார், பழைய சோக் வைத்த விளக்குகள் இழுக்கும், வேலை செய்யாமல் வந்துபோகும் 'ரியாக்டிவ்' மின்சாரத்தைச் சோலார் குறைப்பதில்லை, உபயோகமான மின்சாரத்தை மட்டும் குறைக்கிறது. அதனால் லைனிலிருந்து வருவதில் ரியாக்டிவ் பங்கு கூடி, பவர் ஃபேக்டர் (மொத்தத்தில் உபயோகமான பங்கு) கீழே விழும். ரியாக்டிவைச் சரிக்கட்டும் கெபாசிட்டர் பெட்டியைச் சோலாருக்கு ஏற்ப மாற்றுவதோ இன்வெர்ட்டர் அமைப்பைத் திருத்துவதோ போதும். மருத்துவமனைகளில் இதைக் கவனிக்காமல் விட்டால் மாதாமாதம் பணம் ஒழுகும்.

பள்ளிக்கூடம் 'கிரீன்' ஆகிடுச்சுன்னு போர்டு வைக்கலாமா?

தாராளமாக வையுங்கள். கணக்கில் மட்டும் ஒரு நுணுக்கம். மின் கம்பெனிகளுக்கு, தாங்கள் விற்பதில் குறிப்பிட்ட பங்கு புதுப்பிக்கத்தக்க மின்சாரமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் உண்டு. அந்தக் கட்டாயம் இல்லாத நுகர்வோரின் கூரையில் தயாராகும் யூனிட்டுகள் கம்பெனியின் பங்குக்குக் கணக்காகும். கூரை உங்களுடையது, பெயர் அவர்களுக்கு.

எங்க டிரஸ்ட் நடத்துற தமிழ் ஸ்கூலும் இதுல வருமா?

உள்ளாட்சிக் கணக்கில் வராது. பிஎம்சியே நடத்தும் தமிழ்வழிப் பள்ளிகள் மட்டும் இதில் சேரும். டிரஸ்ட் பள்ளியும் தமிழ்ச் சங்கமும் தாங்களே நுகர்வோர். சாதாரண நெட் மீட்டரிங்குக்குத் தடையில்லை, கட்டணப் பிரிவு மட்டும் வேறு.

தாராவி மறுசீரமைப்புல ஸ்கூலே இடிஞ்சா?

இடிபட வாய்ப்புள்ள கட்டடத்தில் 25 வருஷ ஒப்பந்தம் போடாதீர்கள். சொந்தச் செலவில் போட்ட பேனலைக் கழற்றி வேறு கூரைக்கு மாற்றலாம், புதிய இடத்தில் புதிதாக அனுமதி வாங்க வேண்டும். ரெஸ்கோ என்றால் இடமாற்றச் செலவு யாருடையது என்று இன்றைக்கே எழுதி வாங்குங்கள்.

இந்தூர் மாநகராட்சி பெரிய சோலார் பார்க்கே கட்டுதாமே, எங்க ஊர் பக்கம் ஓடந்துறை பஞ்சாயத்து காத்தாடியே வாங்கிச்சே. பிஎம்சி ஏன் செய்யல?

இரண்டும் பெருமைக்குரியவை, இரண்டும் நெட் மீட்டரிங் இல்லை. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை வாங்கி, தன் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. இந்தூர் 2023-இல் பசுமைப் பத்திரம் வெளியிட்டு 244 கோடி ரூபாய் திரட்டியது, ஜலூதில் 60 மெகாவாட் சோலார் கட்டித் தண்ணீர் இறைக்கும் செலவைக் குறைப்பதற்காக. தூரத்தில் தயாரித்து வேறு இடத்தில் உபயோகிப்பதற்கு ஓப்பன் ஆக்சஸ் என்று தனி விதிகள், தனிக் கட்டணங்கள். பிஎம்சியும் மத்திய வைதர்ணா அணையில் 20 மெகாவாட் நீர்மின்சாரமும் 80 மெகாவாட் மிதக்கும் சோலாரும் என்று திட்டம் போட்டது. அதுவும் இந்த வகைதான்.

ஊரில் பஞ்சாயத்து ஆபீஸில் போட விரும்பும் சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன மும்பைக் கணக்கை அங்கே காட்டி வாதாடாதீர்கள். தமிழ்நாட்டுக்கு ஆணையம் வேறு, விதி வேறு.

அப்ளிகேஷன் போட்டு மூணு மாசம் ஆச்சு. யார்கிட்ட போறது?

10 கிலோவாட் வரை என்றால் சாத்தியக்கூறு ஆய்வே தேவையில்லை, விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே பொருள். இது 2024 திருத்தம். அதற்கு மேல் என்றால் ஆய்வுக்கு 15 நாள். பேனல் போட்டு முடித்துச் சான்றிதழ் கொடுத்த பிறகு மீட்டர் மாற்றி ஓட்டிவிட இன்னொரு 15 நாள். மூன்று மாதம் ஆனதென்றால் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பாதி நேரம் கோப்பு கம்பெனியிடம் இருக்காது, மாநகராட்சியின் ஏதாவது ஒரு மேஜையில் கையெழுத்துக்காகக் கிடக்கும்.

கம்பெனியிடம்தான் நிற்கிறதென்றால் எழுத்துமூலம் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றம், அதற்கும் மேலே மும்பை மின்சார ஓம்புட்ஸ்மன் (மேல்முறையீட்டைக் கேட்கும் அதிகாரி). மன்றத்துக்கு வக்கீல் தேவையில்லை. ஆனால் புகாரை இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கொடுக்க வேண்டும், அல்லது அவர் அதிகாரம் எழுதிக் கொடுத்தவர். பெற்றோர் சங்கத்தின் லெட்டர்பேடில் அனுப்பினால் வாசலிலேயே திருப்பி விடுவார்கள். தலைமையாசிரியரையோ வார்டு என்ஜினியரையோ கையெழுத்துப் போடவைத்து, 12 மாத பில், விண்ணப்ப ரசீது, மீட்டர் போட்டோ மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.